குமிழிக்குள் என்ன இருக்கிறது? வேதியியல் வகுப்பும் துணைக்கருவிகளும்

பிளஸ் ஒன் வகுப்பில் முதல் வாரமே நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைகின்றன. அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது?

காற்று என்று பல பேர் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சார்” என்பார்கள். நீராவி என்ற சரியான விடையைச் சொல்ல ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்களும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் இதே கேள்வியைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டு 1983-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிலும் இதே பதில்கள்தான் வரிசையாக வந்தன. ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற பதிலை வேதியியல் படித்த மூத்த மாணவர்களே கணிசமாகச் சொன்னார்கள்.

ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று சொன்ன மாணவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது குமிழி. கைக்கு எழுத வருவது நீரின் வாய்பாடு. அந்த வாய்பாட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன. தண்ணீர் சூடானால் ‘பிரியும்’ என்று அவர் மனம் நேராகக் கணக்குப் போட்டுவிட்டது. கொதிக்கும்போது மூலக்கூறுகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன என்ற படம் அவருக்குள் இல்லை. அந்தப் படத்தை யாரும் அவருக்குக் காட்டவும் இல்லை.

துணைக்கருவிகளால் வேதியியலில் மாணவர்களின் தேர்ச்சி கூடுமா என்ற கேள்விக்கு இந்தக் குமிழியிலிருந்துதான் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். பி.எட். படிக்கும்போது நாம் எல்லோரும் டி.எல்.எம். என்கிற கற்பித்தல் துணைக்கருவிகளைச் செய்திருக்கிறோம். தெர்மாகோலில் அணு, சார்ட் தாளில் தனிம வரிசை அட்டவணை, ஸ்கெட்ச் பேனாவில் ஊது உலை. கற்பித்தல் பயிற்சி முடிந்ததும் அவை அலமாரிக்கு மேல் போய்விடும். அவற்றுள் எது எந்தக் கருத்தைப் புரியவைத்தது, எது வெறுமனே சுவரை அலங்கரித்தது என்று நம்மை யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு பாடம், மூன்று தளம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் ஜான்ஸ்டன் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். வேதியியல் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை ஆராய்வதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவர். 1980-களிலும் 1991-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் அவர் ஒரு முக்கோணத்தை முன்வைத்தார். கண்ணால் காண்பது ஒரு முனை. காண முடியாத அணு, மூலக்கூறு, அயனிகளின் உலகம் இன்னொரு முனை. குறியீடு, வாய்பாடு, சமன்பாடு மூன்றாவது முனை.

நம் வீட்டுச் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். கொதகொதவென்று பொங்கி ஆவி கிளம்புகிறது. தொட்டியைத் தொட்டால் சுடுகிறது. சுவரில் அடித்த அன்று மங்கலாகத் தெரிவது, இரண்டு மூன்று நாளில் பளிச்சென்று ஆகிறது. இதெல்லாம் கண்ணால் காண்பது. கால்சியம் ஆக்சைடு நீரோடு வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆவதும், அது சுவரில் இருந்தபடியே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக் கால்சியம் கார்பனேட் ஆவதும் அயனிகளின் மட்டத்தில் நடப்பவை. இந்த இரண்டு வினைகளையும் சமன்பாடாக எழுதுவது மூன்றாவது தளம்.

ஆசிரியருக்கு இந்த மூன்றும் ஒன்றாகப் பழகிவிட்டன. ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் தாவிவிடுவார். “நீர்” என்று அவர் சொல்லும்போது தொட்டியில் இருக்கும் தண்ணீரையா, மூலக்கூறையா, கரும்பலகையில் இருக்கும் வாய்பாட்டையா, எதைச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாது. கேட்கிற பிள்ளை மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. மனம் ஒரு நேரத்தில் தாங்கும் சுமைக்கு ஓர் அளவு உண்டு, தொடக்க நிலை மாணவரை மூன்று முனைக்கும் ஒரேயடியாக இழுக்காதீர்கள் என்பதுதான் ஜான்ஸ்டனின் வாதம்.

இப்படிப் பார்த்தால் துணைக்கருவிகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. செய்முறையும் செய்துகாட்டலும் முதல் முனையைச் சேர்ந்தவை. பந்தும் குச்சியும் சேர்ந்த மாதிரிகள், கணினி அசைவூட்டங்கள் இரண்டாவதைச் சேர்ந்தவை. சார்ட், அட்டவணை, வாய்பாட்டு அட்டைகள் மூன்றாவது. குமிழிக் கேள்வியில் தவறிய மாணவருக்கு இன்னும் நூறு தடவை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினாலும் பலன் இல்லை. அவருக்கு இல்லாதது இரண்டாவது முனை. சமன்பாட்டைச் சமன்செய்யத் திணறும் மாணவருக்கு வண்ண வண்ணமாக வீழ்படிவு காட்டினால் அவர் மகிழ்வார், ஆனால் திணறல் போகாது. எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன் எந்த இடத்தில் கால் இடறுகிறது என்று பார்க்க வேண்டும்.

களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும்

மாதிரிகளின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் இந்தக் கருவிகள் மாணவருக்காக மட்டும் பிறந்தவை இல்லை, வேதியியலாளர்களே யோசிப்பதற்குப் பயன்படுத்தியவை. மெண்டலீவ் 1869-இல் தனிம வரிசை அட்டவணைக்கு வந்து சேர்ந்தது கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தபோது. அத்தனை தனிமங்களையும் எந்த ஒழுங்கில் சொல்லிக்கொடுப்பது என்ற ஓர் ஆசிரியரின் கவலை அதற்குள் இருக்கிறது.

1865-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் ஓர் உரை நிகழ்த்தினார். குரோக்கே என்ற விளையாட்டில் பயன்படும் மரப்பந்துகளுக்கு வண்ணம் பூசி, குழாய்களால் இணைத்து மேசை மேல் மூலக்கூறுகளைக் கட்டிக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை. இன்றைக்கு நம் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியிலும் இதே நிறங்கள்தான். ஆனால் ஹாஃப்மனின் மூலக்கூறுகள் தட்டையானவை. மீத்தேன் சிலுவை போல ஒரே தளத்தில் படுத்திருக்கும். கரும்பலகையில் நாம் இப்போதும் அப்படித்தான் வரைகிறோம்.

அந்தத் தட்டைப் படத்தோடு ஒரு சிக்கல் வருகிறது. டைகுளோரோ மீத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கார்பன், சுற்றிலும் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின். சிலுவையாக வரைந்தால் குளோரின் இரண்டும் அடுத்தடுத்து இருக்கலாம், எதிரெதிரே இருக்கலாம். அப்படியானால் இரண்டு வகைச் சேர்மம் இருக்க வேண்டும். உலகத்தில் இருப்பதோ ஒன்றுதான்.

இதை வகுப்பில் நான் கேட்கும்போது ஏறக்குறைய எல்லோரும் இரண்டு என்றுதான் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் ஆளுக்கொரு களிமண் உருண்டையும் நாலு ஈர்க்குச்சியும் கொடுப்பேன். குச்சிகள் ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியுமோ அவ்வளவு விலகும்படி குத்தச் சொல்வேன். முதலில் சிலுவையாகக் குத்துவார்கள். “இதைவிட விலக முடியாதா?” என்று கேட்டால் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் ஒரு குச்சியை மேலே தூக்குவார். அப்புறம் மற்ற மூன்றும் கீழே முக்காலி மாதிரி தானாக விரிந்துகொள்ளும். நான்முகி, அதாவது நாலு முக்கோண முகம் கொண்ட வடிவம், வந்துவிட்டது. இரண்டு குச்சி முனையில் பச்சை, இரண்டில் வெள்ளை உருண்டை வைத்து, அடுத்தடுத்து ஒன்றும் எதிரெதிரே ஒன்றும் செய்யச் சொன்னால், பக்கத்தில் இருப்பவருடையதோடு வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒண்ணுதான் சார்!” என்று கத்துவார்கள். 

1874-இல் 22 வயது டச்சு இளைஞர் வான்ட் ஹாஃப் கண்ட விடை இதுதான். அதே ஆண்டில் பிரான்சில் லெ பெல்லும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். வான்ட் ஹாஃப் அட்டையில் சின்னச் சின்ன நான்முகிகளை ஒட்டிச் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். தாளில் எழுதியதை மட்டும் படித்து அவர்கள் நம்ப மாட்டார்கள், கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால்தான் விளங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில், 1901-இல், வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வேறு ஆய்வுகளுக்காக அவருக்குப் போனது.

நாலு முனையிலும் நாலு வெவ்வேறு நிறம் வைத்தால் இரண்டு வகை வரும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம், எப்படிச் சுழற்றினாலும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாது. தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் அப்படிப்பட்டது. ஒளிச்சுழற்சி மாற்றியம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள், களிமண்ணில் அதைச் செய்து பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பத்தி பழகிய ஊர் மாதிரி இருக்கும்.

ஆய்வுகள் சொல்வது

சரி, இதனால் மதிப்பெண் கூடுமா? எம்.எட். ஆய்வேடுகளில் இதற்கு ஒரு பழகிய வடிவம் உண்டு. இரண்டு வகுப்புகள். ஒன்றில் வழக்கம்போலப் பாடம், இன்னொன்றில் துணைக்கருவியோடு பாடம். முன்தேர்வு, சில வாரங்கள் கழித்துப் பின்தேர்வு, சராசரியை ஒப்பிட்டு டி-சோதனை என்ற புள்ளியியல் கணக்கு. துணைக்கருவி வகுப்புதான் பெரும்பாலும் ஜெயிக்கும். இப்படிப்பட்ட ஆய்வுகள் ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் ஏராளமாக வருகின்றன.

நான் இவற்றைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிப்பேன். துணைக்கருவி வகுப்புக்கு ஆசிரியர் கூடுதலாகத் தயார் செய்திருப்பார். புதிதாக ஒன்று நடக்கிறது என்ற ஆர்வம் பிள்ளைகளுக்கு இருக்கும். வினாத்தாளை எழுதியவரும் பெரும்பாலும் அதே ஆய்வாளர். கூடிய மதிப்பெண் கருவியால் வந்ததா, தயாரிப்பால் வந்ததா, புதுமையால் வந்ததா என்று பிரிக்க வழி இல்லை. அமெரிக்கக் கல்வியியலாளர் ரிச்சர்டு கிளார்க் 1983-இல் இதைத்தான் கடுமையாகச் சொன்னார். மளிகைச் சாமானை ஏற்றிவரும் லாரி நம் உடம்புக்குச் சத்து தருவதில்லை, அதுபோல ஊடகம் கற்றலைத் தருவதில்லை, உள்ளே இருக்கும் கற்பித்தல்தான் தருகிறது என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா என்பவர் இதை மறுத்து எழுதினார். சில ஊடகங்களுக்கே உரிய திறன்கள் உண்டு, அவை சில கருத்துகளைக் கற்கும் விதத்தையே மாற்றும் என்றார்.

என் அனுபவத்தில் இருவரும் சொல்வது பொருந்தும் இடங்கள் வேறுவேறு. தனிமங்களின் பயன்களைப் பட்டியலிட வீடியோ தேவையில்லை, அங்கே கிளார்க் சொல்வது சரி. ஆனால் நான்முகியை வாயால் சொல்லிப் புரியவைக்க யாராலும் முடியாது. அங்கே கோஸ்மா பக்கம்தான் நான்.

கருவி இருந்தால் போதாது, அதை எப்படி நடத்துகிறோம் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று ஹார்வர்டில் எரிக் மசூர் குழுவினருடையது. 2004-இல் வெளிவந்தது. இயற்பியல் வகுப்பில் நடந்தது என்றாலும் நமக்கு அப்படியே பொருந்தும். செய்துகாட்டலை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஊகிக்கச் செலவானது ஓரிரு நிமிடம்தான்.

கல்யாண வீட்டு ஆரத்தியை வைத்து இதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைச் செய்துகாட்டினால் “இது தெரியுமே” என்று உட்கார்ந்திருப்பார்கள். “இதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகும்? நோட்டில் எழுதுங்கள்” என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பிழியுங்கள். சிவப்பு மங்கி மறுபடி மஞ்சளாகும்போது வகுப்பில் எழும் சத்தமே வேறு. தவறாக எழுதியவர்தான் ‘ஏன்?’ என்று முதலில் கேட்பார். நடுநிலையாக்கலும் நிறங்காட்டியும் அதற்கு மேல் கஷ்டப்பட்டுச் சொல்லித்தர வேண்டியவை இல்லை.

ஆய்வகச் செய்முறை பற்றியும் இதே செய்திதான். இங்கிலாந்தில் ஆப்ரகாம்ஸ், மில்லர் இருவரும் 25 செய்முறை வகுப்புகளை நேரில் பார்த்து 2008-இல் எழுதினார்கள். மாணவர்கள் பொருள்களைக் கையாளுவது, சொன்னதைச் செய்து முடிப்பது எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் பார்த்ததைக் கருத்தோடு இணைத்து யோசிப்பது மிகக் குறைவாகவே நடந்தது. வேலை கையோடு நின்றுவிட்டது.

இன்னொரு ஆய்வு மதிப்பெண்ணையே சந்தேகிக்கவைப்பது. நரன்பர்ன், பிக்கரிங் என்ற இருவர் 1987-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் வாயுக்களைப் பற்றி இரண்டு விதமான கேள்விகள் கேட்டார்கள். ஒன்று, சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை காணும் கணக்கு. இன்னொன்று படம். எஃகு உருளையில் 20 டிகிரியில் ஹைட்ரஜன் வாயு, மூலக்கூறுகள் புள்ளிகளாக எங்கும் பரவியிருக்கின்றன. வெப்பநிலையை மைனஸ் 20-க்குக் குறைத்தால் புள்ளிகள் எப்படி இருக்கும்? முன்போலவே எங்கும் பரவித்தான் இருக்கும், ஏனென்றால் ஹைட்ரஜன் அந்தக் குளிரிலும் வாயுதான். கணக்கைச் சரியாகப் போட்ட பலர் இந்தப் படத்தில் தவறினார்கள். கணக்குக்கு மதிப்பெண் வாங்குவதும் வாயு என்றால் என்னவென்று புரிந்திருப்பதும் வேறுவேறு என்பது அதில் வெளிப்பட்டது.

நம் தேர்வு எதை அளக்கிறது

தமிழ்நாட்டு மேல்நிலைப் பொதுத்தேர்வில் வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வுக்குப் பிள்ளைகள் தயாராவது நமக்குத் தெரியும். புக் பேக் வினாக்கள், ஒரு மதிப்பெண், முந்தைய ஆண்டு வினாத்தாள், திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பது. வரையறையைப் பிசகில்லாமல் எழுதுகிறவர் மதிப்பெண் வாங்கிவிடுவார். களிமண் நான்முகி செய்த பிள்ளையும் செய்யாத பிள்ளையும் அந்த விடைத்தாளில் ஒரே மாதிரி தெரிவார்கள். ஆக, பொதுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு “துணைக்கருவியால் பெரிய மாற்றம் இல்லை” என்று யாராவது முடிவுகட்டினால், அவர் பிழையான தராசில் நிறுத்துப் பார்க்கிறார் என்றுதான் சொல்வேன். வித்தியாசம் தெரிவது வேறு இடத்தில். போட்டித் தேர்வில் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்கும்போது தெரியும், கல்லூரி முதலாண்டில் தெரியும்.

செய்முறைத் தேர்வின் நிலை எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஆண்டு முழுக்க நடக்க வேண்டிய ஆய்வக வகுப்புகள் பல பள்ளிகளில் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்குள் நெருக்கப்படுகின்றன. ரெக்கார்டு நோட்டு மட்டும் முன்பே எழுதி முடிந்திருக்கும். என்னவென்று கண்டுபிடிக்கக் கொடுக்கும் உப்பை, அதாவது சால்ட்டைக் கையில் வாங்கியதும் நீலமாக இருந்தால் காப்பர், எடுக்கும்போதே நெடி அடித்தால் அம்மோனியம் என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். பிறகு சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தியையும் மனப்பாடத்திலிருந்து இறக்குவார்கள். “வெண்புகை தோன்றுகிறது” என்று எழுதியிருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடித் தண்டை அந்தப் பிள்ளை கையிலேயே எடுத்திருக்காது.

பழுப்பு வளையச் சோதனையை ஒரு தடவை ஒழுங்காகச் செய்த மாணவர் அப்படி எழுத மாட்டார். நைட்ரேட் கரைசலோடு புதிதாகத் தயாரித்த பெர்ரஸ் சல்பேட் கரைசல். சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகக் குழாயின் உட்சுவர் வழியே இறக்க வேண்டும். கனமான அமிலம் அடியில் போய்ப் படியும். இரண்டு நீர்மமும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய பழுப்புக் கோடு வட்டமாகத் தோன்றும். அவசரப்பட்டுக் குழாயை ஆட்டினால் வளையம் போய்விடும். ஒருமுறை ஆட்டித் தொலைத்தவருக்கு, புத்தகத்தில் “பக்கவாட்டில் மெதுவாக” என்று ஏன் எழுதியிருக்கிறது என்பது வாழ்நாள் முழுக்க மறக்காது. அடர்த்தி, அணைவுச் சேர்மம் இரண்டையும் அந்த வளையத்தை வைத்தே பேசிவிடலாம். ஆனால் அதற்குக் குழாய் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், பேச ஆசிரியருக்கு நேரம் இருக்க வேண்டும்.

திரைகளுக்கு இப்போது குறைவில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023-இல் பாடங்களைக் காணொளியாகத் தரும் மணற்கேணி செயலி வந்தது. பல அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) கணினி உருவகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. இவையெல்லாம் பெரிய வரவு, ஐயமே இல்லை. நான் பார்த்த வரையில் தடுமாற்றம் ஒன்றுதான். திரையில் ஓடுகிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், மணி அடிக்கிறது. நடுவில் நிறுத்தி, “அடுத்து இந்த மூலக்கூறு எங்கே போகும்?” என்று கேட்பதற்குத்தான் ஆசிரியர் வேண்டும்.

கருவியே தவறாகச் சொல்லிக்கொடுக்கும்போது

இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பச்சைப் பந்தைக் காட்டினால் குளோரின் அணு பச்சை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். பந்துகளுக்கு இடையில் குச்சி இருப்பதால், பிணைப்பு என்பது ஏதோ ஒரு பொருள் என்று நினைக்கும். திண்மம், நீர்மம், வாயு என்று மூன்று கட்டம் போட்டு வரைந்த சார்ட்டில் நீர்மத்தின் துகள்கள் நன்றாக இடைவெளி விட்டு மிதக்கும். உண்மையில் நீர்மத்தில் அவை ஏறக்குறையத் திண்மத்தைப் போலவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. தெர்மாகோல் அணுவில் எலக்ட்ரான்கள் வட்டப்பாதையில் மணி மாதிரி கோத்திருப்பதைப் பத்தாவது வரை பார்த்தவர், பிளஸ் ஒன்னில் ஆர்பிட்டால் (எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு அதிகமுள்ள வெளி) என்றதும் அதையும் ஒரு பாதை என்றே படிப்பார். எந்த மாதிரியைக் காட்டினாலும், இதில் எது உண்மை, எது நம் வசதிக்காக என்று பிள்ளைகளையே சொல்லவைப்பது அதனால்தான் முக்கியம். இரண்டு நிமிட வேலை.

மொழியும் ஒரு கருவிதான், அதுவும் சில நேரம் இடறும். வேதிச் சமநிலை என்ற சொல்லைப் பாருங்கள். முன்னும் பின்னுமாக நடக்கும் வினை இரு திசையிலும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்ட நிலை அது. அதற்குள் ‘சம’ இருக்கிறது. பிள்ளையின் மனதில் உடனே தராசு வருகிறது. பல சார்ட்டுகளில் தராசையே வரைந்தும் வைத்திருக்கிறோம். இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில், அசையாமல். இதிலிருந்து இரண்டு தவறுகள் பிறக்கின்றன. சமநிலையில் வினை நின்றுவிடும் என்பது ஒன்று. வினைபடு பொருளும் விளைபொருளும் சம அளவில் இருக்கும் என்பது மற்றது. ஆங்கிலவழி மாணவர்களிடமும் இந்தத் தவறுகள் உண்டு, ஆனால் தமிழில் அந்தச் சொல்லே கையைப் பிடித்து அங்கே அழைத்துப்போகிறது.

இதற்கு நான் நம்பும் கருவி இரண்டு அளவுச் சாடியும் இரண்டு ஸ்ட்ராவும். பாடநூல்களில் கண்ணாடிக் குழாய் வைத்துச் செய்யச் சொல்லும் பழைய செயல்பாடுதான், ஸ்ட்ரா கிடைப்பது சுலபம். ஒரே அளவுள்ள இரண்டு 100 மில்லி சாடிகள். முதல் சாடியில் ஒரு துளி பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீர் 50 மில்லி. இரண்டாவது காலி. ஒருவர் கையில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தடித்த ஸ்ட்ரா, இன்னொருவர் கையில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய ஸ்ட்ரா. தடித்ததை முதல் சாடியின் அடிவரை விட்டு, மேல் முனையை விரலால் மூடித் தூக்கி, இரண்டாவது சாடியில் விட வேண்டும். மெல்லியது இரண்டாவதிலிருந்து முதலுக்குக் கொண்டுவர வேண்டும். இருவரும் ஒரே தாளத்தில், ஒரே நேரத்தில். மூன்றாமவர் ஐந்து தடவைக்கு ஒருமுறை இரண்டு சாடியின் அளவையும் கரும்பலகையில் எழுதுவார்.

தொடங்கும் முன் எழுதச் சொல்வேன்: கடைசியில் எப்படி நிற்கும்? ஏறக்குறைய எல்லா நோட்டிலும் 25, 25.

முதலில் இரண்டாவது சாடியிலிருந்து திரும்ப ஒன்றும் வராது, அங்கே தண்ணீரே இல்லை. பிறகு மட்டம் ஏற ஏற ஸ்ட்ராவில் ஏறும் அளவும் கூடும். முதல் சாடியில் மட்டம் குறையக் குறைய அங்கிருந்து போவதும் குறையும். முப்பது நாற்பது தடவை ஆகும்போது கரும்பலகையில் எண்கள் நகர மறுக்கும். முதல் சாடியில் 15 சொச்சம், இரண்டாவதில் 35-க்குச் சற்றுக் குறைவு. கைகள் மட்டும் நிற்கவில்லை, தண்ணீர் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கிறது. “நிறுத்தலாமா சார்? மாறவே மாட்டேங்குது” என்று ஸ்ட்ரா பிடித்தவர் கேட்பார். வகுப்பில் பாதிப் பேர் மாறுகிறது என்பார்கள், பாதிப் பேர் மாறவில்லை என்பார்கள். இரண்டு தரப்பும் எதைச் சொல்கிறார்கள் என்று அவர்களே வாதாடித் தீர்த்துக்கொள்ளும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. முன்னோக்கு வேகம், பின்னோக்கு வேகம் என்ற சொற்களை அதற்குப் பிறகுதான் எழுதுவேன். 35-ஐ 15-ஆல் வகுத்து, ஸ்ட்ராக்களின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சமநிலை மாறிலி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

போன வருடம் ஒரு மாணவி, எண்கள் நின்ற பிறகு நான் பாடத்தை எழுதத் திரும்பியதும், தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதல் சாடியில் கொஞ்சம் ஊற்றிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திட்டினார்கள். அவள் ஸ்ட்ராவை வாங்கி, “இரு, இப்ப எங்க போய் நிக்குதுன்னு பார்க்கலாம்” என்று மறுபடி தூக்கத் தொடங்கினாள். சமநிலையைக் குலைத்தால் அது எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும் லீ சாட்லியர் தத்துவத்துக்குப் பாடநூலில் இன்னும் நான்கு பக்கம் இருந்தது.